மங்கை ஒதுங்கி இருந்த மூன்று நாள்

புதன்கிழமை விடியற்காலையில் கூடத்து டெலிபோன் மணி அடித்தபோது மங்கை வாசலில் கோலத்தின் கடைசி இழையை இழுத்துக்கொண்டிருந்தாள். கோலமாவுக் கையோடு அவள் உள்ளே ஓடிவருவதற்குள், கொல்லைக் கிணற்றடியிலிருந்து நாத்தனார் ஸுபத்ராவின் குரல் வந்துவிட்டது.

"யாரு அது கார்த்தாலயே! உம் பிள்ளையோட சிநேகிதாளுக்கெல்லாம் நேரம் காலமே கிடையாதா? பெருமாள் இன்னும் கண் தொறக்கலை... இந்தச் சனியன் கத்த ஆரம்பிச்சுடுத்து!"

மங்கை ரிசீவரை எடுத்தாள்.

"அக்கா..." என்றான் தம்பி கோவர்தன், திருக்கோவிலூரிலிருந்து. அந்த ஒரு சொல்லிலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"அப்பா போயிட்டார் அக்கா... தூக்கத்துலயே. காப்பி எடுத்துண்டு போய் எழுப்பினா மானஸா... எழுந்துக்கவேயில்லை. சாயங்காலத்துக்குள்ள எடுத்துடணும்ங்கறா. நீ, அத்திம்பேர், ஸுதர்சன் மூணு பேரும் இப்பவே பஸ் ஏறுங்கோ. எனக்கு ரெண்டும் பொண்ணு. நெய்ப்பந்தம் பிடிக்க அவன் ஒருத்தன்தானே பேரன்!"

மங்கை மாடிப்படியைப் பார்த்தாள். மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸுதர்சனின் குரல் மெல்லக் கேட்டது. "குட் மார்னிங் சார்... மை நேம் இஸ் ஸுதர்சன்... ஐ ஹெய்ல் ஃப்ரம் காஞ்சிபுரம்..." அங்கே ஒரு சின்ன தடுமாற்றம். மறுபடி முதலிலிருந்து. "குட் மார்னிங் சார்..."

நாளைக்கு வியாழக்கிழமை. அவன் கல்லூரிக்கு அந்த வருஷம் வரப்போகும் ஒரே பெரிய கம்பெனி நாளைக்குத்தான் வருகிறது. போன செப்டம்பரில் அமெரிக்காவில் அந்தக் கட்டிடங்கள் விழுந்தபிறகு கம்பெனிகள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டன. தீபாவளிக்கு முன்னால் வந்த ஒரு கம்பெனியில் ஸுதர்சன் எழுத்துப் பரீட்சையில் தேறினான். பிறகு பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொன்னபோது வாயே திறக்காமல் எழுந்து வந்துவிட்டான். அன்றைக்கு அவன் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததை மங்கை மறக்கவில்லை. உள்ளூரிலேயே பி.காம். படிக்கட்டும் என்று சொன்ன கணவரோடு மல்லுக்கு நின்று அவனை இன்ஜினியரிங்கில் சேர்த்தவள் அவள்தான். அவன் தோற்கும்போதெல்லாம் வீட்டில் அவள் முகத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

சாவுச் செய்தி காதில் விழுந்த க்ஷணத்திலிருந்து தீட்டு. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் மகள் வயிற்றுப் பேரனுக்கும் மூன்று நாள். சொன்னால் இன்று மூவருமாகத் திருக்கோவிலூர் போகவேண்டும். நாளைக்கு அந்த வீட்டில் ஸுதர்சன் ஈர வேஷ்டியோடு நிற்பான். கேட்காதவரைக்கும் அவனுக்கு ஒன்றும் இல்லை. சாஸ்திரத்திலேயே அப்படித்தான்.

"அக்கா! லைன்ல இருக்கியா?"

"கோவர்தா..." என்றாள் மங்கை. தன் குரல் இவ்வளவு நிதானமாக வருவது அவளுக்கே பயமாக இருந்தது. "என்னால இப்ப வர முடியாதுடா. எனக்காகக் காத்திண்டிருக்க வேண்டாம். எடுத்துடுங்கோ."

"என்னது?"

"ஏன்னு கேக்காதே. வர முடியாது."

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். அதன் பின்னால் யாரோ பெண்கள் அழும் சத்தம்.

"நேத்து ராத்திரிகூட உன்னைப் பத்திதான் கேட்டுண்டிருந்தார். மங்கை எப்போ வருவா, மங்கை எப்போ வருவான்னு..." கோவர்தனின் குரல் உடைந்தது. "நன்னா இரு அக்கா." வைத்துவிட்டான்.

மங்கை ரிசீவரைக் கையில் பிடித்தபடியே கணக்குப் போட்டாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் அத்தை பிள்ளைகள், பெரியப்பா வீட்டார் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிடுவார்கள். யாராவது எடுத்துக் கேட்டுவிட்டால்...? ரிசீவரை அதன் இடத்தில் வைக்காமல் ஒரு ஓரம் மட்டும் படும்படி சாய்த்து வைத்து, மேலே போட்டிருந்த பூவேலைத் துணியை இழுத்து மூடினாள். பிறகு நேராகக் கொல்லைக்குப் போய், கட்டின புடவையோடு தலையில் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள்.

"என்னடீ இது கூத்து!" என்றாள் ஸுபத்ரா.

"நான்... தூரம் அக்கா."

ஸுபத்ரா, கணவர் போனபிறகு தம்பி ஆராவமுதனோடு வந்து இருப்பவள். நாக்கில் முள். "தூரமா? தை பொறந்ததுலேருந்து இல்லை, நின்னே போயிடுத்துன்னு நீதானே சொன்னே? அதுக்கு எதுக்கு தலையோட முழுக்கு?"

"உடம்பு எரிஞ்சுது."

"எரியும், எரியும்! தெப்ப உத்ஸவம் நடக்கறது, கோஷ்டிக்குப் போறவனுக்கு மடியா தளிகை ஆகணும், பிள்ளைக்கு நாளைக்கு இண்டர்வியூ... சரியா இன்னிக்குப் பாத்து நீ கொல்லையில உக்காந்துக்கோ. இருக்கவே இருக்கா ஸுபத்ரா, கரண்டி பிடிக்க!"

மங்கை ஈரத் தலைப்பைப் பிழிந்தாள். கொல்லைத் தாழ்வாரத்தை ஒட்டி, விறகும் பழைய பாத்திரங்களும் போட்டிருந்த அறையில் போய் உட்கார்ந்தாள். பெருமாள் விஷயத்தில் துளி அபசாரமும் வரக்கூடாது. எதையும் தொடமாட்டாள், யார் மேலும் படமாட்டாள். மாதவிலக்குத் தூரத்துக்கும் மூன்று நாள்தான், சாவுத் தீட்டுக்கும் மூன்று நாள்தான். யாருக்கும் தெரியாமல் தகப்பனாருக்கு அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மங்கையின் கணவர் ஆராவமுதன் ஸம்ஸ்கிருத வாத்தியார், கோயிலில் பிரபந்த கோஷ்டியில் சேவிப்பவர். குளித்து, திருமண் இட்டு வந்தவர் கொல்லை வாசற்படியில் நின்றார். சத்தம் போடுகிற மனிதர் அல்ல. ஒரே ஒரு வாக்கியத்தில் ஆளைச் சுருட்டிவிடுவார்.

"உன் பிள்ளை பரீட்சைன்னா உனக்கும் லீவா?" என்றார். போய்விட்டார்.

பகல் முழுவதும் மங்கை அப்படியே இருந்தாள். இலையில் தள்ளிவிட்ட சாதத்தில் காக்கைக்கு வைத்தது போக மிச்சம் அப்படியே இருந்தது. மூன்று மணி அடித்தபோது புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். இந்நேரம் வாசலில் இறக்கியிருப்பார்கள்... வாய்க்கரிசி போடும்போது மகளைத் தேடியிருப்பார்கள். மாடியிலிருந்து பிள்ளையின் குரல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"மை ஃபாதர் இஸ் எ டீச்சர். மை மதர் இஸ் எ ஹவுஸ்வைஃப்..."

ஒரு வாரமாகப் பிள்ளையார்பாளையத்து வீட்டிலிருந்து கல்லூரித் தோழன் தர்மன் சைக்கிளில் வந்து, மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கம்பெனி அதிகாரியாக நடித்து இவனைக் கேள்வி கேட்டான். "மிஸ்டர் ஸுதர்சன், வொய் ஷுட் வி ஹையர் யூ?" என்பான். இவன் "பிகாஸ்..." என்று இழுப்பான். "இன்னாபா நீ! பிகாஸ்னு சொல்லிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தா வேலை குடுத்துடுவானா? டீ குட்ச்சிட்டுப் போன்னுவான்!" என்று தர்மன் சிரிப்பான். நேற்றைக்குத்தான் இவன் முதல்முறையாக அந்தக் கேள்விக்கு நிறுத்தாமல் பதில் சொன்னான். "இப்டியே போய்ச் சொல்லு, எவனும் அசைச்சிக்க முடியாது!" என்று சொல்லிவிட்டுத் தர்மன் கல்லூரி விடுதிக்குத் திரும்பிப் போனான்.

இருட்டுகிற வேளையில், தகனம் முடிந்திருக்கும் என்று தோன்றியபோதுதான் மங்கைக்கு டெலிபோன் நினைவு வந்தது. அது கூடத்தில் இருக்கிறது. அவள் கொல்லையில் இருக்கிறாள். நடுவில் சமையல் உள், பூஜை நடக்கும் பெருமாள் உள். தூரம் என்று சொல்லி உட்கார்ந்தவள் எப்படி உள்ளே போவது? ஸுபத்ராவிடம் சொன்னால், யார் எடுத்து வைத்தது, எதற்கு என்று நூறு கேள்வி வரும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள். இந்த ஓர் இரவில் என்ன ஆகிவிடப் போகிறது?

வியாழக்கிழமை காலையில் ஸுதர்சன் வெள்ளைச் சட்டையும், தர்மன் முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்த டையுமாகக் கொல்லை வாசற்படிக்கு வந்தான். நெற்றியில் மெல்லிசாகச் சிவப்பு ஸ்ரீசூர்ணக் கோடு மட்டும். முழுத் திருமண் இட்டுக்கொண்டு போகவில்லை என்று அப்பாவிடம் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது.

"அம்மா, சேவிச்சுக்கறேன்."

"அங்கேயே நில்லுடா! கிட்ட வராதே!" பதறிப்போய்ச் சொல்லிவிட்டாள். அவன் தயங்கினான். தூரத்திலிருந்தே விழுந்து சேவித்தான்.

"ஏம்மா கண்ணெல்லாம் இப்படி வீங்கியிருக்கு?"

"விறகுத் தூசு. நீ கிளம்பு. நேரமாச்சு."

"பயமா இருக்கும்மா."

"உனக்கு எல்லாம் தெரியும். வாயைத் தொறந்து சொல்லு, போதும். பெருமாள் பாத்துப்பார்."

அவன் போனபிறகு கூடத்தைத் துடைக்கப்போன ஸுபத்ராவின் குரல் கேட்டது. "இந்த போனை யாரு இப்படிக் கோணலா வெச்சிருக்கா! நேத்துலேருந்து இப்படியேவா கிடக்கு?" டக் என்று ரிசீவர் உட்காரும் சத்தம். இனி யாராவது கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்களோ என்று மங்கை காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்; வராதவளை யாரும் கூப்பிடவில்லை.

நடுப்பகலிலேயே ஸுதர்சன் திரும்பி வந்துவிட்டான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. டை பையில் சுருட்டிக் கிடந்தது.

"என்னடா?" என்றாள் ஸுபத்ரா.

"உள்ளயே விடலை அத்தை." அவ்வளவுதான் சொன்னான். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

என்ன நடந்தது என்பது வெள்ளிக்கிழமை காலையில் தர்மன் வந்தபோதுதான் வீட்டுக்குத் தெரிந்தது. தர்மனுக்கு வேலை கிடைத்திருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் காட்டமுடியாமல், செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்து ஓரத்தில் நின்றான்.

"இன்னாபா ஸுதர்சன், இப்டிப் பண்ணிட்டியே! புதன்கிழமை மத்தியானமே நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. இண்டர்வியூ நம்ம காலேஜ்ல இல்ல, தாம்பரத்தாண்ட வேற காலேஜ்ல, எட்டு மணிக்கே உள்ள இருக்கணும்னு. உனக்கு ஸ்டடி ஹாலிடே, வூட்ல இருப்பேன்னு போன் பண்ணேன், போன் பண்ணேன்... எப்ப பண்ணாலும் எங்கேஜ்டாவே இருக்குது! ராத்திரி வரிக்கும் பூத்துல நின்னுக்கினே இருந்தேம்பா. சரி, வேற யார்னா சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"நான் நம்ம காலேஜுக்குப் போய் நின்னேன்டா," என்றான் ஸுதர்சன். "வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். ரெண்டு பஸ் மாறித் தாம்பரம் போறதுக்குள்ள கதவைச் சாத்திட்டா. கெஞ்சினேன். அழுதுகூட விட்டேன். அடுத்த வருஷம் வாப்பான்னுட்டான் ஒருத்தன். அடுத்த வருஷம் நான் எந்தக் காலேஜ்லேருந்து வர்றது?"

"எங்கேஜ்டுன்னா...?" ஸுபத்ரா யோசித்தாள். "ஐயையோ, அது கோணலா கிடந்துதேடா! நேத்திக்கு நான்தான் சரியா வெச்சேன். நீதான் எடுத்துப் பேசிட்டு வெக்கத் தெரியாம வெச்சுட்டியோன்னு நெனச்சேன்."

"நான் தொடவேயில்லை அத்தை."

"நான்தான்டா," என்றாள் மங்கை கொல்லையிலிருந்து.

ஸுதர்சன் கொல்லை வாசற்படிக்கு வந்தான். பின்னாலேயே ஆராவமுதன்.

"நீயா? எதுக்கும்மா?"

மங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அவனுக்காகச் சாய்த்து வைத்த போன்தான் அவனைக் கெடுத்திருக்கிறது. அவளாலேயே! சொல்லிவிடலாம்... ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஆனால் இன்று சாயங்காலம் தெப்பத்தின் கடைசி நாள். சொன்ன மறுநிமிஷம் இவருக்குத் தீட்டு. வருஷத்துக்கு ஒருமுறை வருகிற கோஷ்டி போகும். பிள்ளையுடையதைத்தான் பறித்தாகிவிட்டது, இவருடையதையாவது விட்டுவைக்க வேண்டாமா?

"தூசு தட்டறச்சே... சரியா வெக்கலை போலருக்கு."

"தூசு தட்டறச்சேயா!" என்றான் ஸுதர்சன். "மூணு மாசம்மா... மூணு மாசம் ராத்திரி பகல்னு பாக்காம... ஒரே ஒரு கம்பெனி! நேத்திக்குக் கிட்ட வராதேன்னு விரட்டினே. முகத்தைக்கூடச் சரியாப் பாக்கலை. எனக்கு என்ன ஆனா உனக்கென்ன? உன்னை மாதிரி ஒரு அம்மா யாருக்கும் வேண்டாம்மா!"

"ஸுதர்சா, இன்னா பேச்சு இது, அம்மாவைப் போய்..." என்று தர்மன் கையைப் பிடித்தான். அவன் உதறிக்கொண்டு மாடி ஏறினான்.

"இன்ஜினியரிங்ல சேத்ததும் நீதான். கெடுத்ததும் நீதான்," என்றார் ஆராவமுதன். அவர் சுருக்கமாகத்தான் பேசுவார்.

அன்று அஸ்தமித்துச் சிறிது நேரத்துக்கெல்லாம், கோஷ்டி முடிந்து வரவேண்டிய நேரத்துக்கு வெகு முன்பாகவே, ஆராவமுதன் திரும்பிவிட்டார். கூடத்துக்குள் வராமல், வீட்டின் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்கு வந்தார். கிணற்றில் வாளியை விட்டுக் கட்டின வேஷ்டியோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டார். மங்கைக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றாள்.

"திருக்கோவிலூர்லேருந்து தெப்பம் சேவிக்க ஒருத்தர் வந்திருக்கார்," என்றார். தண்ணீர் அவர் தாடையிலிருந்து சொட்டியது. "பாசுரம் பாதியில இருக்கு. என் தோளைத் தொட்டு, 'உங்க மாமனார் பரமபதிச்சதுக்கு ஆத்துலேருந்து ஒருத்தர்கூட வரலையே ஸ்வாமி, என்ன மனஸ்தாபம்'னு கேக்கறார். முப்பது வருஷமா சேவிக்கறேன். நடுவுல வாயை மூடிண்டு கோஷ்டியை விட்டு வெளியில வந்தேன். எல்லாரும் பாத்தா. எல்லாரும்!" முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "தெரிஞ்சுண்டே மூணு நாளா மறைச்சிருக்கே! தீட்டோட இந்த ஆத்துல இருந்துண்டு, பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணின தளிகையை நான் சாப்பிட்டு, அதே வாயால கோஷ்டியில போய்..."

"நிறுத்துடா அம்பி!"

ஸுபத்ராதான். சமையல் உள் வாசற்படியில் நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"தளிகையை யார் பண்ணினா? நான் பண்ணினேன். இவ ஒரு டம்ளரைத் தொட்டாளா? இந்தப் படியைத் தாண்டினாளா? தூரம்னு பொய் சொல்லிட்டுத் தலையோட முழுகிட்டு, விறகு உள்ளுல போய்க் கிடந்தாளேடா... நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். வாயை மூடிண்டு கேட்டுண்டிருந்தா! உனக்குத் தீட்டு வந்து கோஷ்டி போயிடக்கூடாது, அவனுக்கு இண்டர்வியூ போயிடக்கூடாதுன்னு எல்லாத் தீட்டையும் இவ ஒருத்தியே காத்திருக்கா. உன் பெருமாளுக்கு ஒரு குறையும் வெக்கலை. குறை வெச்சது பெத்த அப்பனுக்கு!"

ஆராவமுதன் அவள் பக்கம் திரும்பினார். கையிலிருந்த வாளி நழுவிக் கல்லில் உருண்டது.

ஸுபத்ரா படியிறங்கி வந்தாள். மடி, ஆசாரம் என்று தண்ணீர்க் குடத்தைக்கூடப் பிறர் பார்க்க எடுக்காதவள், மங்கையை இரண்டு கையாலும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"அப்பன் செத்ததுக்கு வாய்விட்டு அழக்கூட இல்லாம இருந்தியேடீ பாவி! என்கிட்டயாவது சொல்லியிருக்கக்கூடாதா? நான் அவ்வளவு பொல்லாதவளா!"

மங்கை அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அப்போதும் அழுகை வரவில்லை. ஸுபத்ராதான் அழுதாள்.

மாடிப்படியில் ஸுதர்சன் நின்றுகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தான். மெல்ல வந்து, விறகு அறை வாசலில் தரையில் உட்கார்ந்தான்.

"புதன்கிழமை கார்த்தால வந்த போன் அதுவா?"

"ம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா நீ போயிருக்க முடியாதேடா."

"போகாம இருந்தாத்தான் என்ன? இன்னொரு கம்பெனி எங்கேயாவது வரும். ரெண்டு வருஷம் கழிச்சு வரும். தாத்தாவுக்கு நெய்ப்பந்தம் பிடிக்க இன்னொரு நாள் வருமா? எனக்குப் பதிலா நீயே முடிவு பண்ணிட்டியே... என்னைக் கேட்டியா?" அவன் கோபமாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது விசும்பிக்கொண்டிருந்தான். "காலம்பற நான் சொன்னதை... அதை நீ மறந்துடும்மா."

"நீ கேட்டதுல தப்பே இல்லை," என்றாள் மங்கை. "உன் பக்கமும் போச்சு, என் பக்கமும் போச்சு. ரெண்டையும் நான்தான் போக்கினேன்."

ஆராவமுதன் ஈர வேஷ்டியோடு கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தார். "நாளைக்கு ஸ்நானம் பண்ணிட்டு முதல் பஸ்ஸுக்குப் போவோம்," என்றார். பிறகு, அவளைப் பார்க்காமல், "நான் உன்னோட வரேன். கோவர்தன் ஏதாவது சொன்னா என்னைச் சொல்லட்டும். என்கிட்ட சொல்லப் பயந்துதானே நீ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

திருக்கோவிலூர் வீட்டில் அவர்கள் நுழைந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. சாவு வீட்டுக்கு மகள் வந்தால், உள்ளே இருக்கும் பெண்கள் எழுந்து வாசலுக்கு வந்து கட்டிக்கொண்டு அழுவது வழக்கம். மங்கை நடையில் வந்து நின்றாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. கோவர்தனின் மனைவி மானஸா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா படுக்கிற மூலை கழுவிவிடப்பட்டு, வெறுமையாக இருந்தது.

கோவர்தன் உள்ளிருந்து வந்தான். நான்கு நாள் தாடி, ஒற்றை வேஷ்டி.

"இப்ப எதுக்கு வந்தே?"

ஆராவமுதன் முன்னால் வந்தார். "கோவர்தா, தப்பு எங்க பேர்ல. அவ..." அதற்குள் ஸுதர்சன் மாமாவின் காலில் விழுந்தான். "எனக்கு இண்டர்வியூ மாமா. எனக்குத் தெரிஞ்சா போகமாட்டேன்னு அம்மா யார்கிட்டயும் சொல்லலை. கொல்லையில ஒண்டியா உக்காந்து தீட்டுக் காத்தா. ஆத்துல ஒருத்தருக்கும் தெரியாது. என்னை என்ன வேணா சொல்லுங்கோ!"

கோவர்தன் அவனைப் பார்த்தான். "வேலை கிடைச்சுதா?"

"இல்லை மாமா."

கூடத்தில் யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. கோவர்தன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். காய்ந்து, கறுத்து, நான்கு நாளில் பத்து வயது கூடிவிட்ட முகம்.

"அப்பா கடைசியா உன்னைத்தான் தேடினார். அதை என்னால மறக்க முடியலை அக்கா," என்றான். "மன்னிக்கறதுக்கும் மனசு வரலை. எப்போ வருமோ தெரியாது."

"வேண்டாம்டா," என்றாள் மங்கை. "நான் அதுக்கு வரலை."

"பின்னே?"

அவள் அந்தக் கழுவிய மூலையைப் பார்த்தாள்.

கோவர்தன் அவள் கையைப் பிடித்தான். பிடித்து, கூடத்தைத் தாண்டி, பெண்கள் எல்லோரும் பார்க்க, அந்த மூலைக்கு அழைத்துக்கொண்டு போய் அப்பா படுத்திருந்த இடத்தில் உட்காரவைத்தான். அவளுக்கு எதிரில் தானும் உட்கார்ந்தான்.

"அழு அக்கா," என்றான். "இங்கே யார் காதுல விழுந்தாலும் பரவாயில்லை."

அப்போதுதான் மங்கை அழுதாள். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்கும்படி, "அப்பா..." என்று கூப்பிட்டு அழுதாள். மானஸாதான் முதலில் எழுந்து வந்தாள்.